பெங்களூரு சேலஞ்சர் டென்னிஸ்: ஒரு நாள்தான் போக முடியும், தகுதிச் சுற்று ஞாயிறா ஃபைனல் ஞாயிறா?

ஒயிட்ஃபீல்டு_கோவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோயம்புத்தூர், எட்டு வருஷமாக ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருஷமாக டென்னிஸ் கற்றுக்கொள்கிறாள், வாரத்தில் நான்கு நாள் காலை ஆறு மணிக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். இதுவரை பெரிய ஆட்டம் எதையும் அவள் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் டிவியிலும் போனிலும்தான். கப்பன் பார்க்கில் கே.எஸ்.எல்.டி.ஏ. (கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கம்) மைதானத்தில் நடக்கிற ஏடிபி சேலஞ்சருக்கு (ஆண்கள் டென்னிஸில் பெரிய போட்டிகளுக்கு அடுத்த படி) இந்த முறை கட்டாயம் கூட்டிப் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், எனக்கு ஷிஃப்ட் வேலை. முதல் ஞாயிறு, அதாவது தகுதிச் சுற்று தொடங்குகிற நாள், அல்லது அடுத்த ஞாயிறு, ஃபைனல். இரண்டில் ஒன்றுக்குத்தான் லீவு சொல்ல முடியும். ஆபீஸில் கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தையாக ஃபைனலுக்குப் போ, தகுதிச் சுற்றில் ஆடுகிறவர்கள் பெயரே யாருக்கும் தெரியாது, அதைப் போய்ப் பார்ப்பானேன் என்கிறார்கள்.

நானே நேரில் பார்த்த பெரிய ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். 2008இல், கல்லூரியில் படிக்கும்போது, சென்னை ஓப்பன் அரையிறுதி, நுங்கம்பாக்கம். நடாலும் மோயாவும் ஆடியது. மூன்று செட்டும் 6-6 ஆகி டை-பிரேக்கில்தான் முடிந்தது, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். கேலரியில் மேலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் ஹாஸ்டலுக்குத் திரும்பி விடிய விடியத் தூக்கம் வரவில்லை. (மறுநாள் ஃபைனலில் யூஷ்னி அதே நடாலை 6-0, 6-1 என்று அடித்தார், அந்தக் களைப்பு அப்படி.) அந்த மாதிரி ஒரு நாள் என் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எந்த ஞாயிறு?


அல்சூர்வாசி எழுதியது:

தகுதிச் சுற்றுக்குப் போங்கள். ஆபீஸில் சொன்னவர்கள் யாரும் ஒரு முறைகூடப் போயிருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வருஷத்தில் பிடித்த நாளே அந்த ஞாயிறுதான். தகுதிச் சுற்றில் 24 பேர். ஞாயிற்றுக்கிழமை 12 ஆட்டம், அதில் ஜெயித்த 12 பேருக்குள் திங்கட்கிழமை 6 ஆட்டம், அந்த ஆறு பேருக்குத்தான் 32 பேர் ஆடுகிற மெயின் டிராவில், அதாவது முக்கியப் போட்டியில், இடம். ஃபைனல் அன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சிங்கிள்ஸ் ஆட்டம். ஒருதலையாகப் போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை. நான்கைந்து கோர்ட்டில் ஒரே நேரத்தில் ஆட்டம் ஓடும், ஒரு கோர்ட்டில் சத்தம் கேட்டால் எழுந்து அங்கே நடக்கலாம், மகளுக்குப் பிடித்த ஆட்டக்காரர் கிடைத்துவிட்டால் அங்கேயே கடைசிவரை உட்காரலாம்.

போவதும் சுலபம். உங்களுக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைன், எங்கும் மாற வேண்டாம், கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குள் வண்டி விட மாட்டார்கள், சாலை முழுக்க சைக்கிளும் நாய்களும் குழந்தைகளும்தான், அந்த மூங்கில் புதர்களைத் தாண்டி நடக்கும்போதே பந்து அடிபடும் சத்தம் காதில் விழும். நான் போன வருஷங்களில் தகுதிச் சுற்றுக்கு டிக்கெட் கேட்டதில்லை. இந்த முறை எப்படி என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால். வெளிக் கோர்ட் ஒன்றில் நம் ஊர்ப் பையன் ஒருவன், பத்தொன்பது இருபது வயது இருக்கும், வைல்டு கார்டில் (தரவரிசை போதாவிட்டாலும் போட்டி நடத்துகிறவர்கள் தருகிற இடம்) வந்தவன். எதிரே ஐரோப்பாக்காரர் ஒருவர், நல்ல உயரம், அந்த மாதம் இந்தியாவில் அடுத்தடுத்து நடந்த எல்லா சேலஞ்சரிலும் ஆடிவிட்டு வந்தவர். பார்க்கிறவர்கள் மொத்தம் பதினைந்து பேர் இருப்போம். எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் ஒரு கம்பி வலைதான், கை நீட்டினால் அவனுடைய பையைத் தொட்டுவிடலாம். முதல் செட் 2-6 போய்விட்டது. இரண்டாவது செட்டில் 3-4. சைடு மாறும்போது 90 விநாடி உட்காருவார்கள் இல்லையா, அப்போது அவன் ராக்கெட்டின் பழைய கிரிப்பைப் பல்லால் கடித்து உரித்தான். வியர்வையில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. புதியதை எடுத்து அடியிலிருந்து சுற்ற ஆரம்பித்தான், கை நடுங்கியது, ஒரு சுற்று கோணலாகப் போனதும் பிரித்து மறுபடி சுற்றினான். நடுவர் டைம் என்று சொல்லிவிட்டார். மேலே ஒட்டுகிற டேப்பை ஒட்ட நேரம் இல்லை. அந்த நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே எழுந்து போய் அந்த கேம் முழுவதும் சர்வ் போட்டான். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் நுனி அவிழ்ந்து தொங்கும், மறுபடி சுற்றிப் பிடிப்பான். 30-40, பிரேக் பாயிண்ட், இது போனால் அவன் சர்வ் போடுகிற கேமே போய்விடும். முதல் சர்வ் நெட். இரண்டாவது சர்வை அகலமாக, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே சுழற்றிப் போட்டான் பாருங்கள், நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

அந்த செட்டை டை-பிரேக்கில் எடுத்தான். மூன்றாவது செட் 5-7, தோற்றுவிட்டான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஆனால் அடுத்த ஆட்டத்துக்கான இரண்டு பேரும் பையோடு வந்து நின்றுவிட்டார்கள், அதிக நேரம் உட்கார முடியாது, எல்லாவற்றையும் அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினான். உரித்துப் போட்ட கறுப்பு கிரிப் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. பந்து பொறுக்கும் பையன் ஒருவன் அதை எடுத்துக் குப்பையில் போடாமல் தன் கையில் சுற்றிக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குப் போய் நின்றான். ஃபைனலை ஆறு முறை பார்த்திருக்கிறேன், ஜெயித்தவர்கள் பெயர் எல்லாம் நினைவில் இருக்கிறது, ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் வருவது அந்தக் கட்டைவிரல்தான்.


ஃபிரேசர்டவுன்_77 எழுதியது:

அல்சூர் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு இதில் வேறு கருத்து. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குக் கூட்டம் வேண்டும். பதினைந்து பேர் பார்க்கிற ஆட்டத்தை நீங்களும் நானும் ரசிப்போம், குழந்தை முதல் முறை போகும்போது ஸ்டேடியம் நிறைந்திருக்க வேண்டும், ஒரு பாயிண்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அதுதான் உடம்பில் தங்கும்.

எனக்கு அப்படித் தங்கியது இதே மைதானத்தில்தான். 2014 செப்டம்பர், செர்பியாவோடு டேவிஸ் கோப்பை. முதல் நாளே 0-2. யூகி பாம்ப்ரியும் சோம்தேவ் தேவ்வர்மனும் தோற்றுவிட்டார்கள், முடிந்தது கதை என்றுதான் மறுநாள் போனோம். டபுள்ஸில் பயஸும் போபண்ணாவும் முதல் இரண்டு செட்டை இழந்து, அங்கிருந்து ஐந்து செட்டில் ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சோம்தேவ் லாயோவிச்சை இன்னொரு ஐந்து செட்டில் ஜெயித்தார். 2-2. பக்கத்தில் யார் என்றே தெரியாத பெரியவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்புறம் மழை வந்து கடைசி ஆட்டம் திங்கட்கிழமைக்குப் போய், யூகி கிராயினோவிச்சிடம் தோற்றுவிட்டார், அது வேறு விஷயம். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் நான் டென்னிஸை விடாமல் பார்க்க ஆரம்பித்தேன்.

சேலஞ்சர் ஃபைனலிலும் நல்ல நாள் அமைந்தால் அமைந்ததுதான். 2018இல் பிரஜ்னேஷும் சாகேத் மைனேனியும், இரண்டு பேரும் நம்மவர்கள். அதற்கு முந்தைய வருஷம் சுமித் நாகல் ஜெயித்தார். யார் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, சரிதான், இருந்தாலும் நான் ஃபைனல் பக்கம்.


இரண்டாம்_சர்வ் எழுதியது:

நான் கொஞ்ச காலம் ஆடியவன். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வயதுப் பிரிவுப் போட்டிகள், அப்புறம் சில வருஷம் ஃப்யூச்சர்ஸ் (சேலஞ்சருக்கும் கீழ்ப்படி) தகுதிச் சுற்றுகள். இப்போது கம்மனஹள்ளி பக்கம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மகள் ஆடுகிறாள் என்றால் என் ஓட்டும் தகுதிச் சுற்றுக்குத்தான், அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

முதலில் காலையிலேயே போய்விடுங்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே. அங்கே பையை மாட்டிக்கொண்டு ஆடாமல் நிற்கிற சிலரைப் பார்க்கலாம், அவர்கள் ஆல்டர்நேட். டிராவில் இடம் கிடைக்காதவர்கள். காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், யாராவது காயம் என்று விலகினால் அந்த இடத்துக்குத் தரவரிசைப்படி இவர்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உடனே கோர்ட்டில் இறங்க வேண்டும், அதனால் சாப்பாட்டைக்கூட அளந்துதான் சாப்பிட முடியும், வார்ம்-அப் செய்துகொண்டே இருக்க வேண்டும், உடம்பு ஆறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. நான் இப்படி ஒரு நாள் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றிருக்கிறேன், கூப்பிடவில்லை. ராத்திரி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். இதைச் சொல்வது வருத்தத்தில் இல்லை, ஆட்டம் என்பதில் இந்தக் காத்திருப்பும் சேர்த்தி என்று குழந்தைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக.

இந்தியாவில் சென்னை, டெல்லி, புனே, பெங்களூரு என்று வாரத்துக்கு ஒன்றாக சேலஞ்சர் வரும்போது இன்னொரு வேடிக்கை உண்டு. முந்தைய வாரப் போட்டியில் நன்றாக ஆடி ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் வரை போய்விட்டவர் அதே ஞாயிறு இங்கே தகுதிச் சுற்று ஆட முடியாது அல்லவா? ஜெயித்ததற்குத் தண்டனை போல ஆகிவிடும். அதற்காகவே ஸ்பெஷல் எக்ஸெம்ப்ட் என்று ஒரு ஏற்பாடு, அப்படிப்பட்டவருக்கு மெயின் டிராவில் நேராக இடம் தருவார்கள். அப்புறம் லக்கி லூசர். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர், மெயின் டிராவில் யாராவது விலகினால் உள்ளே வந்துவிடலாம். 2017இல் குரோஷியாவின் உமாக் போட்டியில் ரஷ்யாவின் ருப்லேவ் இப்படி லக்கி லூசராக நுழைந்து கோப்பையையே தூக்கினார். தோற்ற அன்றே பையைக் கட்டிவிடாதே என்று என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, பந்தைக் கவனியுங்கள். சென்னையில் கடற்கரை, காற்றில் ஈரம், பந்து சீக்கிரம் கனத்துவிடும். இங்கே 900 மீட்டர் உயரம், காற்று லேசு, அதே அடிக்குப் பந்து இன்னும் இரண்டடி கூடுதலாகப் போகும். உயரமான ஊர்களுக்கென்று தனிப் பந்து இருக்கிறது, ஆனால் அது 1,219 மீட்டருக்கு மேலே உள்ள இடங்களுக்குத்தான், நம் ஊர் அந்தக் கணக்கில் வராது. அதனால் சாதாரணப் பந்தை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும். முதல் நாள் முதல் ஆட்டத்தில் பாருங்கள், எத்தனை ஃபோர்ஹேண்ட் பேஸ்லைனுக்கு ஒரு அடி வெளியே விழுகிறது என்று. சிலர் ராக்கெட் நரம்பை முன்பைவிட இறுக்கிக் கட்டச் சொல்வார்கள், சிலர் சுழற்சியைக் கூட்டுவார்கள், சிலருக்குக் கோபம் வந்து அதிலேயே செட் போய்விடும். புதுப் பந்து முதல் ஏழு கேமுக்குப் பிறகு வரும், அதற்குப் பின் ஒன்பது கேமுக்கு ஒரு முறை. (வார்ம்-அப்பில் பந்து தேய்வதை இரண்டு கேம் என்று கணக்கு வைத்து முதல் முறை மட்டும் ஏழு.) புதுப் பந்து வந்ததும் சர்வ் போடுகிறவர் பந்தை எதிராளிக்குத் தூக்கிக் காட்டுவார், அந்த கேமில் சர்வ் சீறிக்கொண்டு போவதை உங்கள் மகள் வித்தியாசமாக உணர்வாள். டிவியில் இது தெரியவே தெரியாது.

பெயர் தெரியாதவர்கள் என்று ஆபீஸில் சொன்னார்களே, அதற்கு ஒரு வார்த்தை. ராம்குமார் ராமநாதன் நம் சென்னைக்காரர், 2017இல் அந்தால்யாவில் ஆஸ்திரியாவின் டொமினிக் தீம் என்பவரை ஜெயித்தவர், 2018இல் நியூபோர்ட் ஃபைனல் ஆடியவர். கிராண்ட் ஸ்லாம் சிங்கிள்ஸ் தகுதிச் சுற்றில் இருபது தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறார். 2021 விம்பிள்டனில் மெயின் டிராவுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, மார்க் போல்மன்ஸோடு ஐந்து செட் போய்த் தோற்றார். அப்படித் தோற்ற பிறகும் அடுத்த கிராண்ட் ஸ்லாமுக்குத் திரும்ப வந்து மூன்று சுற்றில் முதல் சுற்றிலிருந்து தொடங்கினார், அந்த மனசுக்கு நான் தலைவணங்குகிறேன். பிரஜ்னேஷ் 2019 ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் போனது தகுதிச் சுற்று வழியாகத்தான். சுமித் நாகல் 2024இல் அதே மெல்போர்னில் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து, மெயின் டிரா முதல் சுற்றில் 31ஆம் சீடு (தரவரிசைப்படி போட்டியில் முன்னிலை தரப்பட்டவர்) பப்லிக்கை அடித்தார். அதற்கு முன் கிராண்ட் ஸ்லாம் சிங்கிள்ஸில் சீடு பெற்றவரை இந்தியர் ஒருவர் ஜெயித்தது 1989இல், ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை ஜெயித்தபோது. முப்பத்தைந்து வருஷம்! மகளுக்கு பிரிட்டனின் எம்மா ராடுகானு கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். 2021 அமெரிக்க ஓப்பனில் தகுதிச் சுற்று மூன்று, மெயின் டிரா ஏழு, மொத்தம் பத்து ஆட்டம், ஒரு செட்கூட விடாமல் கோப்பை.

ஃபிரேசர் டவுன் நண்பர் சொன்ன அந்த 2014 செர்பியா மோதலில் நானும் கேலரியில் இருந்தேன். அந்தச் சத்தத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது டேவிஸ் கோப்பை, நாடு ஆடுகிறது, அந்த மாதிரி ஒன்று வந்தால் வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போங்கள்.


ஒயிட்ஃபீல்டு_கோவை எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. வாசித்துவிட்டு மகளிடமும் காட்டினேன், அந்தக் கிரிப் கதையை இரண்டு முறை வாசித்தாள். தகுதிச் சுற்று என்று முடிவாகிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளால் உட்கார முடியுமா? வெயில் எப்படி இருக்கும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, எங்கே உட்கார்ந்தால் அவளுக்குப் பிரயோஜனம்?


பானஸ்வாடி_அம்மா எழுதியது:

அண்ணா, என் பையனுக்குப் பதினான்கு வயது, மூன்று வருஷமாக இந்த ஞாயிற்றுக்குக் கூட்டிப் போகிறேன், அதனால் இதை நான் சொல்லலாம்.

பிப்ரவரி என்றால் காலையில் ஸ்வெட்டர் போடத் தோன்றும், பதினொரு மணிக்கு மேல் அதே வெயில் மண்டையைப் பிளக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். சிமெண்ட் படியில் உட்கார ஒரு சின்னத் துண்டு. நான் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் பார்க்கில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம், மறுபடி உள்ளே வருவோம். வெளியே சாப்பிட வேண்டுமென்றால் லாவெல்லே ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு பக்கம் நடக்கிற தூரத்தில் நிறைய இருக்கிறது, ஆனால் ஞாயிறு மதியம் காத்திருக்க வேண்டி வரும், அதற்குள் ஒரு நல்ல மூன்றாவது செட் போய்விடும்.

உட்காரும் இடம்தான் முக்கியம். முதலில் பக்கவாட்டில், நெட்டுக்கு நேராக ஒரு கால் மணி நேரம் உட்காரட்டும், வேகம் என்றால் என்ன என்று அங்கேதான் தெரியும். அதற்கப்புறம் பேஸ்லைனுக்குப் பின்னால் கூட்டிப் போய்விடுங்கள். பின்னாலிருந்து பார்த்தால்தான் பந்து நெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியும், டிவியில் அது தட்டையாகத் தெரிகிறது. என் பையன் அதைப் பார்த்த பிறகுதான் நெட்டில் அடிப்பதைக் குறைத்தான், அவனுடைய கோச் ஒரு வருஷமாகச் சொல்லியும் ஏறாத விஷயம் அது.

பந்தைப் பார்க்காமல் ஒரு கேம் முழுக்க ஒரு ஆட்டக்காரரின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எதிராளி அடிக்கிற அந்தக் கணத்தில் ஒரு சின்னத் துள்ளல் போடுவார்கள், ஒவ்வொரு பந்துக்கும், மூன்று மணி நேரம் ஆனாலும் விட மாட்டார்கள். நானும் பையனும் ஒரு நோட்டு வைத்துக்கொள்வோம், பிரேக் பாயிண்ட் வரும்போதெல்லாம் சர்வ் எங்கே போனது, ஓரமா நடுவிலா உடம்பிலா, என்று குறிப்பான். மதியத்துக்குள் அவனே அடுத்தது எங்கே வரும் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவான். உட்கார முடியுமா என்று கேட்டீர்களே, அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு நடுவில் கோச் ஓரத்திலிருந்து பேசலாம், அது 2025லிருந்து விதியிலேயே வந்துவிட்டது. வெளிக் கோர்ட்டில் கோச் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாம் காதில் விழும். பெரும்பாலும் பெரிய நுணுக்கம் எதுவும் சொல்ல மாட்டார்கள், மூச்சு விடு, அடுத்த பாயிண்ட், கால் அசையட்டும், அவ்வளவுதான். என் பையனுக்கு அவனுடைய கோச் சொல்வதும் இதேதான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள், பாயிண்ட் நடக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது, சைடு மாறும்போது மட்டும்தான். பதினைந்து பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் நகர்ந்தாலும் ஆட்டக்காரருக்குத் தெரியும்.


ஒயிட்ஃபீல்டு_கோவை எழுதியது (ஞாயிறு இரவு):

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம். மகள் சாப்பிட்ட கையோடு தூங்கிவிட்டாள். நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

மெட்ரோவில் இறங்கிப் பார்க்குக்குள் நடக்கும்போது அல்சூர் அண்ணன் சொன்னபடியே சத்தம் கேட்டது. அவள் என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். முதல் கோர்ட்டில் நெட்டுக்கு நேராக உட்கார்ந்தோம். முதல் சர்வ் போனபோது அவள் பின்னால் சாய்ந்தாள், பந்து எங்கள் பக்கம் வரவே இல்லை, ஆனாலும் சாய்ந்தாள். அப்பா, இது டிவியில் இப்படி இல்லையே என்றாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் பேச்சே இல்லை.

ஐந்து ஆட்டம் பார்த்தோம், மூன்றை முழுதாக. பானஸ்வாடி அக்கா சொன்ன நோட்டு வேலை மிகவும் பிடித்துப்போனது. இரண்டாவது ஆட்டத்தில் இடதுகைக்காரர் ஒருவர், பிரேக் பாயிண்ட் வந்தால் ஒவ்வொரு முறையும் ஓரத்துக்கே போட்டார், ஏழு முறை. எட்டாவது முறை அவள் ஓரம் என்று என் காதில் சொன்னாள், அவர் நடுவில் போட்டார், எதிராளி தொடவே இல்லை, ஏஸ். எதிராளியும் அவளைப் போலவே நினைத்திருப்பார் போலிருக்கிறது, ஓரத்துக்கு ஒரு அடி எடுத்து வைத்துவிட்டார். அவர் ஏழு முறை அதற்காகத்தான் சேர்த்து வைத்தாரா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம்_சர்வ் சார், இதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பந்து வெளியே போவதைக் காலை ஆட்டத்தில் நன்றாகவே பார்த்தோம். ஜப்பானிய ஆட்டக்காரர் ஒருவர் முதல் செட்டில் ஃபோர்ஹேண்டை நீளமாக அடித்துக்கொண்டே இருந்தார், பிறகு ராக்கெட்டை மாற்றினார், அதற்கப்புறம் ஒன்றுகூட வெளியே போகவில்லை. புதுப் பந்தைத் தூக்கிக் காட்டியதையும் பார்த்தாள், இனிமேல் தானும் அப்படிக் காட்டப்போவதாகச் சொல்கிறாள்.

ஆல்டர்நேட் ஒருவரையும் பார்த்தோம். யார் என்று தெரியாது, இந்தியர்தான். காலையில் உள்ளே நுழையும்போது சுவர் ஓரமாகக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மறுபடி பார்த்தபோதும் தாண்டிக்கொண்டிருந்தார். மதியம் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தபோது பையை மடியில் வைத்துக்கொண்டு வாழைப்பழத்தைப் பாதி சாப்பிட்டுப் பாதியை மூடி வைத்திருந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு ஆட்டத்தை அவருக்காகவே விட்டுவிட்டாள் என்று சொல்ல வேண்டும். இரண்டரை மணி இருக்கும், யாரோ வந்து அவரிடம் ஏதோ சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். கூப்பிட்டுவிட்டார்கள் என்று இவள் குதித்தாள். இல்லை. கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டு, ஷூவைக் கழற்றிச் செருப்பு போட்டுக்கொண்டு கேட் பக்கம் நடந்தார். எங்களைத் தாண்டும்போது இவள் எழுந்து நின்று, ஆல் தி பெஸ்ட் அண்ணா என்றாள். அவர் ஒரு விநாடி நின்றார், பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்து ஒரு பந்தை எடுத்து இவள் கையில் கொடுத்தார். நன்றாகத் தேய்ந்த பந்து, எழுத்துகூடத் தெரியவில்லை. பேசாமல் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பந்து இப்போது அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஃபிரேசர் டவுன் நண்பருக்கு: நீங்கள் சொன்னதும் உண்மைதான், ஒரு டை-பிரேக்கின்போது நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள், அந்த நாற்பது பேர் கைதட்டலிலேயே அவள் கண் விரிந்துவிட்டது. ஸ்டேடியம் நிறைந்தால் என்ன ஆவாள் என்று நானும் பார்க்க விரும்புகிறேன். அடுத்த டேவிஸ் கோப்பை இங்கே வந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.

நாளை அவளுக்குப் பள்ளி. ஆனால் அந்த இடதுகைக்காரர் ஜெயித்துவிட்டார், நாளைக்கு மெயின் டிரா இடத்துக்கு ஆடுகிறார். அவர் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று எங்கே பார்ப்பது?


இரண்டாம்_சர்வ் எழுதியது:

ஆர்டர் ஆஃப் பிளே முந்தின நாள் மாலையே ஏடிபி தளத்தில் போட்டுவிடுவார்கள், சேலஞ்சர் பகுதியில் பாருங்கள். முதல் ஆட்டத்துக்குத்தான் சரியான நேரம் இருக்கும், மற்றதெல்லாம் முந்தைய ஆட்டம் முடிந்ததும் என்றுதான் இருக்கும், அதனால் சீக்கிரமே போவது நல்லது.

மகளின் கேள்விக்கு: ஏழு முறையும் பாயிண்டை ஜெயிக்கத்தான் போட்டிருப்பார், சேர்த்து வைக்க அல்ல. ஆனால் எட்டாவது முறை எதிராளியின் கால் ஓரத்துக்கு லேசாகச் சாய்ந்ததைப் பந்தைத் தூக்கிப் போடும் முன்பே பார்த்திருப்பார். நாளைக்குப் போனால் அவரை விட்டுவிட்டு ரிட்டர்ன் எடுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள், அதையும் நோட்டில் குறிக்கட்டும்.